பதினோராவது கிரீனின் பின்பக்கம்

நான்காவது தடவையாக ஐரின் கோவல்சிக் அந்த இரும்புக் குழாயைப் புல்லுக்குள் இறக்கி, திருகி, மெதுவாக வெளியே உருவினாள். குழாயோடு ஒரு முழ நீளத்துக்கு மண் உருளையாக வந்தது. மேலே புல், அதன் கீழே பழுப்பு மண், சரியாக எட்டு அங்குலத்தில் கன்னங்கரேலென்று நிலக்கரிச் சாம்பல், அதற்கும் கீழே மஞ்சள் களிமண். முதல் மூன்று உருளைகளும் இதே கதையைத்தான் சொல்லியிருந்தன. ஐரின் மண்டியிட்டபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்பது வருடத்து மண்ணைப் பார்த்தே வயது சொல்லக் கூடியவளுக்கு, தன் கையில் இருப்பதை நம்ப முடியவில்லை.

"என்ன ஐரின், பல் டாக்டர் மாதிரி குத்திக்கிட்டே இருக்க? நோயாளி ஏதாவது வாயைத் தொறந்தானா?" என்றான் லாய்ட் பெக். புல்டோசர் ஓட்டுபவன். சுரங்க வேலையை விட்டு அவளோடு சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அவள் காகிதத்தில் காட்டுவதை மண்ணில் செய்வது அவன் வேலை.

"தொறந்தான். ஆனா தப்பாப் பேசுறான்."

"மண்ணு தப்பாப் பேசாது. நீதான் தப்பாக் கேக்கற."

ஐரினுக்குக் கோபம் வந்தது. 

அவள் தொழிலே பழைய கோல்ஃப் மைதானங்களை அவை பிறந்த நாளில் இருந்த மாதிரியே திருப்பிக் கட்டிக் கொடுப்பதுதான். மொனாங்கஹீலா ஆற்றங்கரைக் குன்றுகளில் ஆங்கஸ் டன்வுடி என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஏழு மைதானங்கள் போட்டுவிட்டுப் போயிருந்தார். அவர் செத்த பிறகு வந்த கமிட்டிகள், புல் வெட்டும் இயந்திரம் சுலபமாக ஓட வேண்டும் என்பதற்காக மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, மணற்குழிகளை மூடி, எல்லாவற்றையும் தோசைக்கல் மாதிரி ஆக்கி வைத்தன. இப்போது அவர்களுடைய பிள்ளைகளுக்கு மறுபடியும் டன்வுடி வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் ஐரின். ஒவ்வொரு கிளப் கூட்டத்திலும் எழுந்து நின்றதும் முதலில் அவள் சொல்வது ஒன்றே ஒன்று: "என் கை எங்கேயும் தெரியாது."

போன வருடம் கோல்டர் கிளப்பின் பதினெட்டு கிரீன்களையும் கட்டி முடித்தாள். அதில் பதினோராவதுதான் அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. கொடியும் குழியும் இருக்கிற மழமழப்பான புல்தளத்தைத்தான் கிரீன் என்பார்கள். எந்தக் கிரீனும் ஆட்டக்காரனைப் பார்த்துச் சாய்ந்திருக்கும், பந்து விழுந்தால் நிற்க வேண்டுமே. இது முன்பக்கம் மேடாக, பின்பக்கம் சரிந்து, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. நேராகக் கிரீனில் அடித்தால் பந்து பின்னால் ஓடிப்போய்விடும். முன்னாலேயே போட்டு, மேட்டின் மேல் ஊர்ந்து போக விட வேண்டும். உறுப்பினர்கள் முதல் வாரம் திட்டினார்கள். இரண்டாவது வாரம் விருந்தாளிகளைக் கூட்டி வந்து காட்டினார்கள். ஒரு பத்திரிகை, டன்வுடியின் துணிச்சல் இத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்ததே என்று இரண்டு பக்கம் உருகியது.

வந்தது அங்கேதான் வினை. கோல்டரின் பதினொன்றும், இருபத்தேழு மைல் தள்ளி இருக்கிற ஹெம்லாக் கிளப்பின் நான்காவதும் ஒரே அச்சு என்று டன்வுடி ஒரு கடிதத்தில் எழுதி வைத்திருந்தார். ஹெம்லாக்கின் நான்காவதோ சாதுவாக ஆட்டக்காரனைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. 1963-இல் நான்காவது கிரீன் 'புதுப்பிக்கப்பட்டது' என்று அவர்களுடைய கூட்டக் குறிப்பில் ஒரு வரி இருந்ததால், ஐரின் கோல்டரைக் கட்டும்போது இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது ஹெம்லாக்காரர்களுக்குப் பொறாமை. 1963 கமிட்டி நம் கிரீனைத் திருப்பி வைத்துக் கெடுத்துவிட்டது, கோல்டரில் இருப்பது போலவே நமக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, ஐரினையே கூப்பிட்டிருந்தார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் புல்டோசர் இறங்க வேண்டும்.

அந்த நான்காவது கிரீனில்தான் அவள் இப்போது குத்திக்கொண்டிருந்தாள். மாற்றிக் கட்டியிருந்தால் உள்ளே பழைய தரை புதைந்திருக்க வேண்டும். பழைய புல் மட்கிய கறுப்புக் கோடு ஒன்றாவது தெரிய வேண்டும். எங்கே குத்தினாலும் ஒரே சாம்பல் அடுக்கு, மேலே எப்படி வளைகிறதோ அப்படியே கீழேயும் வளைந்துகொண்டு, எட்டே அங்குலத்தில். 1926-இல் உருக்காலைச் சாம்பலைக் கொட்டிப் பரப்பிய நாளிலிருந்து இதை யாரும் தொடவில்லை. 1963-இல் புல்லை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

அப்படியென்றால் ஹெம்லாக் சரி. கோல்டரும் சரி, டன்வுடி விட்டுப்போன படக் காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. இரண்டும் ஒரே அச்சு என்று டன்வுடியே சொல்கிறார். மூன்றும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல அவள் அந்தக் கிரீனைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மேடம், பம்பு ரூம்ல ஒரு மரப்பெட்டி கெடக்கு. உங்களுக்கு உபயோகப்படுமான்னு பாருங்க" என்று ரெஜி ஷ்ரைனர் வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தினான். ஹெம்லாக்கின் புல்தரைக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. பெரிய உடம்பு, ஓயாத வாய். "எங்க தாத்தா காலத்து வெடிமருந்துப் பெட்டி. உள்ள பேப்பர்தான் இருக்கு, பயப்படாதீங்க. நான் ஒரு தடவ பாத்தேன், ஒண்ணும் புரியல. மூடி வச்சிட்டேன்."

மூன்று பேரும் போனார்கள். பம்பு அறையில் எண்ணெய் நாற்றம் அடித்தது. பெட்டிக்குள் பென்சில் படங்கள், பதினான்கு தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கிரீனின் வடிவம், உள்ளே எத்தனை அங்குலம் உயரம் என்று எண்கள், ஓரத்தில் மணற்குழிகள். மூலையில் சி. லூப்போ என்று கையெழுத்து. டன்வுடியிடம் மேஸ்திரியாக இருந்த இத்தாலிக்காரர் கார்மைன் லூப்போவின் பெயர் ஐரினுக்குத் தெரியும். அவர் கையால் வரைந்த படம் எதையும் அவள் பார்த்ததில்லை என்றுதான் நினைத்திருந்தாள்.

முதல் தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மூன்றாவது கிரீன். அது கண்ணெதிரேயே இருந்தது. அதன் இடது பக்கம் ஒரு லாரியையே முழுங்குகிற அளவுக்கு மணற்குழி, யாராலும் தூர்க்க முடியாதது. படத்தில் அது வலது பக்கம் இருந்தது.

"இதுவும் தப்பா இருக்கே" என்றாள்.

"எது?"

"எல்லாமும்தான்."

ஐந்தாவது தாள், ஏழாவது தாள், ஒன்பதாவது தாள். வெளியே போய்ப் போய்ப் பார்த்தாள். ஒன்றும் பொருந்தவில்லை. இடது வலதாக இருந்தது, கிட்ட இருக்க வேண்டியது தூரப் போயிருந்தது. ரெஜி அலுத்துப்போய், எட்டிப் பார்ப்பதற்காக அவளுக்கு எதிரே வந்து நின்றான். எதிரே நின்றபடியே சொன்னான்: "மேடம், எனக்கு இங்கேருந்து பாத்தா கரெக்டாத்தான இருக்கு?"

ஐரின் அவனைப் பார்த்தாள். பிறகு தாளைத் தலைகீழாகத் திருப்பினாள். மணற்குழி சட்டென்று தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஐந்தாவதைத் திருப்பினாள். உட்கார்ந்தது. பதினான்கும் உட்கார்ந்தன.

"அந்த மனுஷன் கிரீனுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு வரைஞ்சிருக்கார்" என்றாள் மெதுவாக.

லாய்டுக்கு உடனே பிடிபட்டது, மண் வேலை செய்கிறவன் அல்லவா. "வேற எங்க நிப்பான்? கிரீனுக்கு மண்ணைப் பின்னாலேருந்துதான் தோண்டி எடுத்திருக்காங்க, பள்ளம் இன்னும் தெரியுதே. குதிரையும் ஆளும் நாள் பூரா அங்கதான் கெடந்திருப்பாங்க. நின்ன எடத்துலேருந்து வரைஞ்சிருக்கான்."

"ஆடியிருந்தாத்தான முன்பக்கம்னு ஒண்ணு இருக்குன்னே தெரியும்" என்று ரெஜி சிரித்தான். "மேஸ்திரியைக் கோல்ஃப் ஆட விட்டிருப்பாங்களாக்கும் இந்த கிளப்புக்காரங்க!"

ஐரின் சிரிக்கவில்லை. அவள் கண் ஒரு எண்ணில் நின்றுவிட்டது. ஏழு. லூப்போவின் ஏழுக்கு இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு. எல்லா ஏழுக்கும். அவள் பையைத் திறந்து கோல்டரின் படங்களின் நகலை எடுத்தாள். பதினெட்டுத் தாள், இரண்டு வருடமாகத் தினம் பார்த்த தாள்கள். மற்றப் பதினேழு தாளிலும் ஏழு வெறும் ஏழு. பதினோராவதில் மட்டும் ஏழுக்குக் குறுக்குக்கோடு. கையெழுத்து இல்லை. மணற்குழியே இல்லாத ஒரே கிரீன் அது, ஆகவே எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று சொல்ல அதில் உயரங்களைத் தவிர ஒன்றுமே இல்லை. அந்த நாளில் டன்வுடி எங்கே போயிருந்தாரோ, மேஸ்திரி ஒரு தாளை வரைந்து கட்டோடு செருகியிருக்கிறார்.

அந்தத் தாளையும் திருப்பிப் பார்த்தாள். ஹெம்லாக்கின் நான்காவது கிரீன் அச்சாக அப்படியே கையில் இருந்தது.

"ஏதாவது கெடச்சுதா மேடம்?" என்றான் ரெஜி.

"இன்னும் பாக்கணும்" என்று சொல்லித் தாள்களை அடுக்கினாள்.

திரும்பும் வழியில் லாய்ட் வண்டியை ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினான். வெங்காயம் வதக்கிப் போட்ட பியரோகிக் கொழுக்கட்டை இரண்டு தட்டு வந்தது. ஐரின் முள்கரண்டியால் அதை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"சொல்லித் தொலை" என்றான் லாய்ட். "கோல்டர்ல என்னை வச்சு என்ன கட்டின?"

"தலைகீழாக் கட்டினேன். முன்னாடி இருக்க வேண்டியது பின்னாடி."

லாய்டுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தான். "நான் அப்பவே சொன்னேனா இல்லையா? முன்பக்க மேட்டுத் தண்ணியும் பின்னாடி மலைத் தண்ணியும் நடுவுல சேந்து குடித்தனம் நடத்துது, இந்தக் கெழவன் இப்படிக் கட்டியிருக்க மாட்டான்னு சொன்னேனா? நீ என்ன சொன்ன?"

"காகிதத்துல இருக்குன்னேன்."

"காகிதத்துல இருக்குன்ன. அப்புறம் மூணு நாளு என் உசிர வாங்கின. இங்க ஒரு அங்குலம் எடு, அங்க அரை அங்குலம் போடுன்னு. அந்த இடது பக்கத்துப் பள்ளம் எந்தக் காகிதத்துல இருந்துச்சு?"

"அது தண்ணி போறதுக்கு."

"தண்ணி போறதுக்கு ஒரு குழாய் போதும், ஐரின்."

அந்தப் பள்ளத்தைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். சரியான வேகத்தில் வந்த பந்து அதில் இறங்கி, வளைந்து, எங்கோ போவது போலப் போய்விட்டு, கடைசியில் குழியைப் பார்த்துத் திரும்பும். பத்திரிகைக்காரன் முக்கால் பக்கம் எழுதியதும் அதைப் பற்றித்தான். மூன்று நாளும் தான் தண்ணீரை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாளா? அவளுக்கு இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. இருபத்தைந்து வயதில் அவள் நான்கு மைதானங்கள் வரைந்திருந்தாள், முழுசாக, ஒவ்வொரு கிரீனும். ஒருவரும் கட்டவில்லை. அந்தச் சுருள்களைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுத்தான் செத்தவர்களுடைய வேலையைத் திருப்பிக் கட்டக் கிளம்பினாள். அதில் ஒன்றும் குறையில்லை என்று முப்பது வருடமாக நம்பியும் வந்தாள்.

"இப்ப என்ன, யாருக்குத் தெரியும்?" என்றான் லாய்ட், சிரிப்பு அடங்கி. "ரெஜிகிட்ட, மண்ணு சரியில்ல, நாலாவதைத் தொடாதீங்கன்னு சொல்லிட்டு வந்துடு. கோல்டர்காரங்க சந்தோஷமாத்தான இருக்காங்க?"

"கேக்க மாட்டாங்க. வேற ஆளைக் கூப்பிடுவாங்க. அவன் கோல்டருக்கு வந்து நம்ம கிரீனை அளந்துட்டுப் போயி, ஹெம்லாக்ல இருக்கறதை இடிச்சிட்டு அதே மாதிரி கட்டுவான். டன்வுடி கை பட்டபடியே மிச்சமிருக்கற கடைசி கிரீன் அது. நான் பண்ணின தப்பைப் பாத்து அதை இடிப்பாங்க, லாய்ட்."

"அப்ப உண்மையைச் சொல்லு."

"சொன்னா நம்மளது போயிடும்."

'நம்மளது' என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. லாய்ட் அதைக் கவனிக்காத மாதிரி தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான்.

சாயங்காலம் அவனை வீட்டில் இறக்கிவிட்டு, ஐரின் தனியாகக் கோல்டருக்குப் போனாள். பதினோராவது கிரீனுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு உண்டு. அதில் போய் உட்கார்ந்தாள். வெயில் தாழ்ந்திருந்தது, மேட்டின் நிழல் கிரீனின் பாதி வரை நீண்டிருந்தது. நன்றாகத்தான் இருக்கிறதா, அல்லது நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னதால் அப்படித் தெரிகிறதா? டன்வுடியுடையது என்று நினைத்துப் பார்த்தால் கம்பீரமாக இருந்தது. தன்னுடையது என்று நினைத்தால் இடது ஓரம் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. மறுபடி டன்வுடியுடையது என்று நினைத்துக்கொண்டாள். சரியாகிவிட்டது. இந்த விளையாட்டை இரண்டு மூன்று தடவை ஆடிப் பார்த்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

நான்கு பெண்கள் ஆடிக்கொண்டு வந்தார்கள். மூன்று பேர் பந்தும் பின்னால் ஓடிப்போனது. நான்காவது ஆள், சிவப்புத் தொப்பி போட்டவள், முன்னாலேயே தட்டிவிட்டாள். பந்து மேடேறி, தயங்கி, பள்ளத்தில் இறங்கி, வளைந்து வந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நான்கு பேரும் கூச்சல் போட்டார்கள். "யோவ் டன்வுடி! நீ பெரிய கிறுக்கன்யா!" என்று சிவப்புத் தொப்பி வானத்தைப் பார்த்துக் கத்தினாள். ஐரினின் கை, யாரோ கூப்பிட்ட மாதிரி, மடியிலிருந்து பாதி எழுந்துவிட்டது. சட்டென்று இறக்கிக்கொண்டாள். வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை, அவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை. இரண்டில் எது பெரிதென்று அவளால் பிரிக்க முடியவில்லை.

விடிந்ததும் முதலில் ரெஜிக்குத்தான் போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"இருங்க மேடம், இருங்க. அப்ப எங்களுதுதான் அசலு?"

"ஆமா."

"கோல்டருதான் டூப்ளிகேட்டு?"

ஐரின் கண்ணை மூடிக்கொண்டாள். "டூப்ளிகேட்டும் கெடையாது. வேற."

"எதுவோ ஒண்ணு. எங்களுதைத் தொட வேண்டாம், அவ்வளவுதான? ஐயையோ, இதைக் கோல்டர்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு நான் எத்தன வருஷமாக் காத்துக்கிட்டிருக்கேன்!" அவன் அவளுடைய பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்துவிட்டான். மத்தியானத்துக்குள் இரண்டு பள்ளத்தாக்குக்கும் விஷயம் தெரிந்துவிடும். கோல்டரின் கிரீன் கமிட்டித் தலைவர் ஹோவர்ட் ஸ்னேவ்லியின் எதிரே அவள் அதற்கு முன் போய் நின்றாக வேண்டும்.

ஸ்னேவ்லி ஓய்வு பெற்ற பல் வைத்தியர். நல்ல மனிதர். அவளைக் கண்டதும் கிளப் வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஐஸ் டீ கொண்டு வரச் சொன்னார். ஐரின் லூப்போ வரைந்த பதினோராவது கிரீன் தாளை மேஜையில் விரித்தாள். சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். பஸ் ஓட்டுகிறவர் மாதிரி அதைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"இப்ப நான் எந்தப் பக்கம் நிக்கறேன்?"

"பின்னாடி, டாக்டர்."

"இப்போ?"

"முன்னாடி."

"முன்னாடி நின்னு பாத்தா பின்பக்கம் உயரம்."

"ஆமா. அதுதான் டன்வுடி கட்டினது."

"ஆனா நம்ம கிரீன்ல முன்பக்கம்தான உயரம்?"

"ஆமா. அது நான் தாளைத் தப்பாப் புடிச்சுக் கட்டினது."

ஸ்னேவ்லி கண்ணாடியைக் கழற்றினார். "இரும்மா, எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. மே மாசத்துலேருந்து நாங்க எல்லாரும் டன்வுடி, டன்வுடின்னு பாராட்டிக்கிட்டு இருக்கோமே, அப்ப யாரைப் பாராட்டினோம்?"

"என்னை" என்றாள் ஐரின்.

அவள் அப்படிச் சொல்ல நினைக்கவே இல்லை. 'அந்தத் தப்பை' என்றோ 'யாரையும் இல்லை' என்றோதான் சொல்ல வந்தாள். வாய் முந்திக்கொண்டது. ஸ்னேவ்லி அவளை, நாற்காலியில் படுத்திருந்த நோயாளி எழுந்து தானே தன் பல்லைப் பிடுங்கிக்கொண்டதைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உங்களையா?"

"அந்த இடது பக்கத்துப் பள்ளம் எந்தத் தாள்லயும் இல்ல. அது நானும் லாய்டும் பண்ணினது."

அவர் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "எனக்கு அந்தப் பள்ளம் மொதல்லேருந்தே கொஞ்சம் உறுத்தல்தான்" என்றார்.

அந்தப் பள்ளத்துக்குள் பந்தோடு படுத்துக்கொண்டு படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிக் கிளப் சுவரில் மாட்டச் சொன்னவர் அவர்தான். பொய் சொல்கிறார் என்று ஐரின் நினைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே இப்போது உறுத்துகிறது, அது அவர் முகத்தில் தெரிந்தது. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

பத்து நாள் கழித்து உறுப்பினர் கூட்டம் நடந்தது. நூற்றுச் சொச்சம் பேர் வந்திருந்தார்கள். ஒருவர் எழுந்து, அந்தக் கிரீனில் யாரோ சாமர்த்தியம் காட்டப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். இன்னொருவர் அதை வெட்டிப் பேசினார்: "அப்ப நீ சொல்லல ஜிம், குழியில பந்து போனதுக்கு எல்லாருக்கும் பீர் வாங்கிக் குடுத்த." சிரிப்பு எழுந்தது. சிவப்புத் தொப்பிக்காரி இன்று தொப்பி இல்லாமல் வந்திருந்தாள். நன்றாக இருக்கிறதை ஏன் இடிக்க வேண்டும், யார் கட்டினால் என்ன என்று கேட்டாள். ஒரு சிலர் கைதட்டினார்கள். ஸ்னேவ்லி மெதுவாக எழுந்து, யாரையும் புண்படுத்தாத குரலில், இரண்டு வருடத்துக்கு முன் இதே அறையில் ஐரின் சொன்னதைக் குறிப்பேட்டிலிருந்து படித்தார்: "என் கை எங்கேயும் தெரியாது."

"நீங்க ஏதாவது சொல்லணுமா, ஐரின்?"

அவள் எழுந்து நின்றாள். சொல்ல நிறைய இருந்தது. தன் வார்த்தையைத் தானே மீறியவள் எந்த முகத்தோடு வாதாடுவது? தானே அங்கே ஒரு உறுப்பினராக இருந்தால் எதற்குக் கை தூக்குவாள்? இடிக்கத்தான் தூக்கியிருப்பாள். இல்லை, மாட்டாள். தெரியவில்லை. "தண்ணி விஷயம் சரியா இருக்கு. அதுல பிரச்னை வராது" என்றாள். அறை அவளைப் புரியாமல் பார்த்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

டன்வுடி கட்டியபடியே திருப்பிக் கட்ட எண்பத்து மூன்று பேர், அப்படியே விட நாற்பத்தொரு பேர். வேலையை அவளே செய்து தர வேண்டும் என்று ஒருவர் சொல்ல, யாரும் மறுக்கவில்லை.

கிளப்புக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அக்டோபர் காலை, புல்லில் பனி இன்னும் காயவில்லை. லாய்ட் புல்டோசரைக் கிரீனுக்குப் பின்னால் கொண்டு வந்து நிறுத்தி இன்ஜினை அணைத்தான். இடிக்கிறது எதுவானாலும், எவ்வளவு மட்டமானதானாலும், இடிக்கும் முன் ஆறு அடிக்கு ஒரு புள்ளி அளந்து எழுதி வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். பின்னால் வருகிற யாருக்காவது என்ன இருந்தது என்று தெரிய வேண்டுமே. ஐரின் அளவுக் கம்பை ஊன்றி எண்ணைச் சொன்னாள், லாய்ட் படிவத்தில் எழுதினான். முன் மேட்டில் தொடங்கினார்கள். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசை. பள்ளத்துக்கு வந்தபோது அவள் வழக்கத்தை மீறி மூன்று அடிக்கு ஒரு புள்ளி எடுத்தாள். லாய்ட் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு இடத்தில் கம்பை ஊன்றிவிட்டு எண்ணைச் சொல்லாமலே நின்றுகொண்டிருந்தாள். அவன் பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தான்.

"பதினொண்ணேகால்" என்றாள் கடைசியில்.

"பதினொண்ணேகால்" என்று எழுதிக்கொண்டான்.

முடிக்கும்போது மணி பத்தரை. கம்பைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு வந்தாள். லாய்ட் படிவத்தின் மேல் பகுதியை நிரப்பிக்கொண்டிருந்தான். "கோல்டர் கிளப். பதினோராவது. கட்டினது போன வருஷம்." பென்சில் நின்றது. "வடிவமைச்சவர்னு ஒரு கட்டம் இருக்கு."

ஐரின் அந்தக் கட்டத்தை எட்டிப் பார்த்தாள்.

"டன்வுடின்னு போடவா?"

"வேண்டாம்."

"அந்த மேஸ்திரி?"

"அவரும் இல்ல."

"காலியா விடவா?"

அவள் கிரீனைப் பார்த்தாள். பனி பள்ளத்தில் மட்டும் இன்னும் வெள்ளையாகத் தங்கியிருந்தது. இப்போது அது கொஞ்சமும் அதிகப்படியாகத் தெரியவில்லை.

"எழுது" என்றாள். பிறகு, ஏதோ அலுவலகத்தில் முன்பின் தெரியாத குமாஸ்தாவிடம் சொல்வது போல, தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தாள். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு ரசீதிலும் அந்தப் பெயரை எழுதி வந்தவன் லாய்ட். ஒரு எழுத்தைக்கூட அவன் முந்தி எழுதவில்லை. அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுதினான். கடைசி எழுத்து வந்ததும் படிவத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு, நடந்து போய் இன்ஜினைக் கிளப்பினான்.